சீகையை எடுத்துவிட்டுப் புல்லைக் கொண்டுவர

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்த காலத்தில் கவாத்துக்கூட வெட்டாமல் விட்ட தோட்டங்கள் நிறைய. அவற்றில் பல இன்று சீகைக் காடு. சீகை என்று இங்கே சொல்வது வாட்டில் மரத்தை, சீகைக்காய்க் கொடியை அல்ல. எங்கள் ஏக்கரும் அப்படிக் கிடந்ததுதான். இப்போது மேட்டுச் சரிவில் புல் நிற்கிறது. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் காரியம், மரக்கன்று வாங்காதீர்கள். ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் வந்தால் ஆளுக்கொரு கன்றைக் கையில் திணித்துப் படம் எடுக்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். ஆறாயிரம் அடிக்கு மேலே நம் மலையின் திறந்த சரிவுகள் புல்லுக்கு உரியவை. சோலை என்கிற அடர்ந்த மலைக்காடு, மலை மடிப்புகளிலும் ஓடைக்கரையிலும்தான் இருக்கும். அதற்குக் காரணம் உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெட்டவெளியில் சோலைக் கன்று கருகிப்போகும். புல்லும் மேலே கருகும், ஆனால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். சிவப்புப் பூ பூக்கும் காட்டுப்பூவரசு மாதிரி ஒன்றிரண்டு மரங்கள்தான் அந்தப் பனியைத் தாங்கிப் புல்வெளி நடுவே நிற்கும்.

சீகை ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று சுதந்திரத்துக்குப் பிறகு வனத்துறையே புல்வெளிகளில் அதைத் தோப்பு தோப்பாக நட்டது. 1988 தேசிய வனக் கொள்கைக்குப் பின் அந்தப் போக்கு மாறினாலும், மரம் பரவுவது நிற்கவில்லை.

வெட்டுவதற்கு முன் காகித வேலை இருக்கிறது. உங்கள் பட்டா நிலத்து மரமானாலும் மலைப்பகுதியில் 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கென்றே தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கை வெளியிட்டது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். பொக்லைனுக்கு அனுமதி வாங்கும் யோசனையே வேண்டாம். சரிவில் அது போன தடத்தில் அடுத்த மழைக்கு மண் இறங்கும்.

ஒரே மூச்சில் மொட்டையடிப்பதும் தவறு. வெட்டிய மரத்தின் வேர் உடனே பிடியை விடாது. சில வருடங்களில் மக்கிய பிறகுதான் சரிவு தளரும். அதற்குள் அங்கே புல் வேர்விட்டிருக்க வேண்டும். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததைப் பார்த்தவர்கள் நாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் எண்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இப்போதெல்லாம் மழை இப்படித்தான் மொத்தமாக வருகிறது. ஆகவே சரிவுக்குக் குறுக்காக நீளவாக்கில் ஒரு துண்டில் மரங்களை வெட்டி, அடுத்த துண்டை விட்டுவைத்து, அதற்கடுத்ததை வெட்டுங்கள். பெரிய மரங்களில் இடுப்பளவில் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் நின்றபடியே காயும். வெட்டிய தண்டுகளில் கொஞ்சத்தைச் சரிவுக்குக் குறுக்கே படுக்கப் போடுங்கள், மண்ணைத் தடுக்கும். மீதியை விறகுக்கு ஊரார் எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதை வெட்டும் முன்பே பேசிவிடுங்கள். புதருக்குள் நுழையும்போது சத்தம் கொடுத்துக்கொண்டே போங்கள். கரடியும் காட்டுமாடும் பகலில் அங்கேதான் படுத்திருக்கும்.

மிலாறையும் சருகையும் மட்டும் கொளுத்தாதீர்கள். சீகை விதைக்குக் கெட்டியான தோல்; மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீயின் சூடு பட்டால் அந்தத் தோல் வெடித்து எல்லாம் ஒன்றாக முளைக்கும். கொளுத்தாவிட்டாலும் வெயில் பட்ட இடமெல்லாம் கீரைப் பாத்தி மாதிரி நாற்று கிளம்பும். உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பம், பலர் கைவிடுவதும் இங்கேதான். நாற்று முழங்காலைத் தாண்டுமுன், மண் ஈரமாக இருக்கும்போது, அடித்தண்டைப் பிடித்து வேரோடு உருவ வேண்டும். ஜூலையில் ஒரு சுற்று, ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒரு சுற்று. அரிவாளால் சீவிவிட்டுப் போகிற கூலியாள் வேண்டாம். ஐந்து வருடமாவது இதற்குப் பணம் ஒதுக்குங்கள். வெட்டுக்கூலியைவிட இதுதான் அதிகம் ஆகும்.

உண்ணிச்செடி (லாண்டனா) இருந்தால் வேறு முறை. தரைக்கு இரண்டு விரற்கடை கீழே முதன்மை வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட்டுவிடுங்கள். காய் பிடிக்குமுன் செய்ய வேண்டும்.

இனி புல். பச்சைக் கம்பளம்போல் படரும் கிக்கூயூ ஆப்பிரிக்கப் புல், அதை நடாதீர்கள். நமக்கு வேண்டியது கொத்துக் கொத்தாகத் தூர் கட்டும் புல். பழைய சாலை வெட்டுகளிலும், கோயில் மேடுகளிலும், தேயிலை ஏறாத பாறை இடுக்குகளிலும் இன்னும் இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து எடுக்கக் கூடாது. ஒரு தூரை வேரோடு நாலைந்து துண்டாகப் பிரித்து, கவரில் போட்டு நிழலில் வளர்த்து, தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஒரு அடி இடைவெளியில் நடுங்கள். ஒரே வகையை மட்டும் நடாமல் கிடைத்த வகைகளையெல்லாம் கலந்து நடுங்கள்.

புல்லா கார்பனைப் பிடிக்கும் என்று கேட்பார்கள். புல் அதை மண்ணுக்கடியில் வைக்கிறது. கோடையில் சீகைக் காடு பற்றிக்கொண்டால் மரத்தில் சேர்ந்ததில் நிறையப் புகையாகிவிடும்.

அடிவாரத்தில் கசிவு இருந்தால் முன்னோர் வெட்டிய வடிகாலைக் கல்லும் மண்ணும் போட்டு அங்கங்கே அடைத்துவிட்டு, ஒதுங்கிக்கொள்ளுங்கள். சதுப்பு தானாகத் திரும்பும். தோடர்கள் கோயில் கூரை வேயும் புல்கூட சதுப்பில் வளர்வதுதான். சதுப்புகள் கேரட் தோட்டமானதால் அவர்கள் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. சோலை மரம் வேண்டுமென்று மனசு கேட்காவிட்டால் இந்தக் கசிவோரத்தில், நிழல் விழும் இடத்தில் நாவலும் விக்கியும் வையுங்கள். கோத்தகிரிக்குப் பக்கத்து லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான், 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, சுற்றிலும் எத்தனையோ ஊர்களுக்கு அங்கிருந்துதான் தண்ணீர். சின்ன இடம்தானே என்று தயங்க வேண்டாம்.

முதல் இரண்டு வருடம் மாடு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூர் கைப்பிடிக்கு அடங்காத அளவு பருத்த பிறகு மேயவிடலாம்.