சீன வாடிக்கையாளர் கேட்கும் நிறத்தை எடுத்துக் காட்டுவது எப்படி?

பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவதை இங்கே எழுதுகிறேன்.

சீனர்கள் சொல்லும் நிறப் பெயர்களில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். தினமும் கேட்டுக் குடிக்கிறீர்களே கோப்பி ஓ என்ற பாலில்லாத காப்பி, அந்த 'ஓ' இங்குள்ள சீனர்கள் பேசும் ஹொக்கியன் மொழியில் கறுப்பு. பணம் வைத்துத் தரும் சிவப்பு உறையான அங்பாவின் 'அங்' சிவப்பு. பொதுச் சீனமொழியான மாண்டரின் பேசும் இளையவர்கள் கறுப்பை 'ஹெய்' என்பார்கள், சிவப்பை 'ஹோங்' என்பார்கள். மஞ்சள் 'ஹுவாங்', வெள்ளை 'பாய்'. இவற்றில் தகராறு வராது.

தகராறு பச்சையில்தான். பாட்டி ஒரு துணியைத் தொட்டு, மூக்கொலியோடு 'செ' என்பார். கூட வந்த பேத்தி அதையே மாண்டரினில் 'லூ' என்பாள். இருவரும் கேட்பது பச்சையைத்தான். ஆனால் பாட்டியின் சொல்லுக்குரிய எழுத்தை மாண்டரினில் 'ச்சிங்' என்று படிக்கிறார்கள். அதன் வீச்சு பெரியது. கீரையும் ச்சிங், வானமும் ச்சிங், பழைய கவிதைகளில் பெண்ணின் கருங்கூந்தலும் ச்சிங். சிரிக்காதீர்கள். பெருமாள் ஒருவரையே பச்சைமால், நீலவண்ணன், கார்வண்ணன் என்று கூப்பிடுகிறவர்கள் நாம். ஆகவே ச்சிங் என்று காதில் விழுந்தால் பதில் பேசாமல் கிளிப்பச்சை, மயில்கழுத்து, கருநீலம் மூன்றையும் எடுத்து விரியுங்கள். விரல் எதைத் தொடுகிறதோ அதை வெட்டுங்கள்.

தெளிவாக நீலம் வேண்டுமென்றால் 'லான்' என்று கேட்பார்கள். அது முதலில் அவுரிச் செடியின் பெயர். அந்த எழுத்தின் தலையில் புல்லைக் குறிக்கும் உறுப்பு இன்றும் இருக்கிறது. லீத் ஸ்திரீட்டில் சீன வணிகர் சியோங் ஃபாட் ட்ஸேயின் நீல மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து பூசிய சுவர் அது. சிவப்பு (ஹோங்), பச்சை (லூ), ஊதா மூன்றின் எழுத்துகளிலும் பட்டுநூலைக் குறிக்கும் உறுப்பு உண்டு. துணிக்காரனுக்கு வேறென்ன பெருமை வேண்டும்!

அடர்நிறம் 'ஷென்', வெளிர்நிறம் 'ச்சியேன்'. தண்ணீர் ஆழமா, ஆழமில்லையா என்று சொல்லவும் இவையேதான். 'ஷென் யீதியேன்' என்றால் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகக் காட்டு என்று பொருள். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி. பழுப்பைக் கோப்பி நிறம் என்றே கேட்பார்கள், 'காஃபெய்' என்று காதில் விழும். ரோஜா நிறம் 'ஃபென் ஹோங்', அதாவது பொடிச் சிவப்பு. பெயரில் ஹோங் இருக்கிறதே என்று சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு கேட்டவரிடம் அதை நீட்டாதீர்கள். அவருக்கு வேண்டியது குங்குமச் சிவப்பு.

புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் வெள்ளை, கறுப்பு, நீலக் கட்டுகளை முன்வரிசையில் அடுக்க வேண்டாம். துக்க நிறங்கள் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இளையவர்கள் கறுப்பும் வாங்குகிறார்கள், அது அவர்கள் பாடு. துக்க வீட்டுக்கென்று கேட்டு வந்தால், கரையில் ஒரு கோடு சிவப்பு இருந்தாலும் அந்தத் துணியை விரிக்காதீர்கள்.

ஆண்களுக்குப் பச்சைத் தொப்பியோ தலைத்துணியோ காட்டவே கூடாது. பச்சைத் தொப்பி போட்டவன் என்றால், மனைவி வேறொருவனோடு பழகுகிறாள் என்று பொருள். சட்டைக்குப் பச்சை தாராளமாக வெட்டலாம்.