முதுகுவலியோடு மாஸ்டா எம்எக்ஸ்-5 ஓட்ட: சீட்டை அமைக்கும் முறை

கூரையைத் திறக்கக்கூடிய, இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன காரான எம்எக்ஸ்-5-ஐ ஓட்டி முதுகு வலித்தால் எல்லாரும் முதலில் சஸ்பென்ஷனைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு உட்காரும் கோணத்தில் இருக்கிறது. சீட் தரையோடு ஒட்டியிருப்பதால் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நிற்கிறது. உடனே இடுப்பெலும்பு பின்பக்கம் உருள, கீழ்முதுகின் உள்வளைவு தட்டையாகி, டிஸ்க்குகள் மேல் அழுத்தம் ஏறுகிறது. தொடைக்கும் உடம்புக்கும் இடையிலான கோணத்தை 100 முதல் 110 டிகிரி வரை திறக்க வேண்டும். திறந்த பிறகும் கை ஸ்டீயரிங்கை எட்ட வேண்டும். பலருக்கும் சிக்கல் இந்த இரண்டாவதில்தான் வருகிறது.

காலில் மரத்துப்போதலோ, பாதத்தைத் தூக்க முடியாத பலவீனமோ இருந்தால் கிளட்ச் வண்டியைத் தொடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏறும் முறை

சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வெளிப்பக்கம் பார்த்தபடி முதலில் பிட்டத்தை இறக்குங்கள். இரண்டு முழங்காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். ஒரு காலை மட்டும் உள்ளே விட்டு உடம்பை முறுக்கி இறங்குவதுதான் பிடித்துக்கொள்ளும். வெளியே வரும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். கூரையைத் திறந்து வைத்தால் பாதி சிரமம் குறையும். பின்பாக்கெட் பர்ஸை எடுத்துவிடுங்கள்.

கோணத்தை அளப்பது

பிட்டத்தை சீட்டின் மூலைவரை தள்ளி உட்காருங்கள். கிளட்ச்சைத் தரைவரை மிதித்தாலும் முழங்கால் லேசாக மடிந்திருக்கும் இடத்தில் சீட்டை நிறுத்துங்கள். இனி போனில் மட்டம் பார்க்கும் செயலி போதும், தனிக்கருவி வாங்க வேண்டாம். காலைக் கிளட்ச்சிலிருந்து எடுத்து இயல்பாக வைத்து, போனைத் தொடைமேல் வைத்தால் தொடையின் ஏற்றம் தெரியும். சீட் முதுகில் வைத்தால் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியும். 90-உடன் சாய்வைக் கூட்டி, ஏற்றத்தைக் கழியுங்கள். தொடை 18 டிகிரி ஏறி, முதுகு 22 டிகிரி சாய்ந்திருந்தால் 94தான் வருகிறது; அது போதாது.

இங்கே சாய்வை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் தோள் ஸ்டீயரிங்கைவிட்டு விலகிவிடும். 2019 மாடலுக்கு முந்தைய எம்எக்ஸ்-5 எதிலும் ஸ்டீயரிங்கை நம்பக்கம் இழுக்க முடியாது. கை எட்டாததால் மேல்முதுகு சீட்டைவிட்டு எழும்பும், கீழ்முதுகு மறுபடி வளையும். பட்ட பாடெல்லாம் வீண். தோள் சீட்டில் ஒட்டியிருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். படியாவிட்டால் சாய்வைக் குறைத்து, மீதிக் கோணத்தைக் கீழிருந்து எடுங்கள்.

கீழிருந்து எடுப்பது என்றால் ஆப்பு வடிவக் குஷன். பின்விளிம்பு 3 செ.மீ., முன்விளிம்பு பூஜ்யம். 40 செ.மீ. நீள சீட்டில் இது சுமார் 4 டிகிரி தரும். அழுத்தினால் அமுங்காத ஃபோம் வாங்குங்கள். மெமரி ஃபோம் உடல் சூட்டில் இளகிவிடும் என்பதால் இந்த வேலைக்கு ஆகாது. 3 செ.மீ.க்கு மேல் போகவே கூடாது. குஷன் வைத்த பிறகும் சீட்டின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மோதலில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும். பெல்ட்டின் கீழ்ப்பட்டி வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் கிடக்கட்டும்.

கீழ்முதுகுத் தாங்கி

கடைக்குப் போகுமுன் கைத்துண்டைச் சுருட்டிப் பாருங்கள். 3 செ.மீ. தடிமன் போதும். பெரும்பாலோர் இதை நடுமுதுகில் வைக்கிறார்கள். அது விலாவைத் தள்ளுமே தவிர, கீழ்முதுகுக்கு எதுவும் செய்யாது. பேன்ட் பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வையுங்கள். தலைதாங்கி தனியாக இல்லாத சீட்டில் துண்டு நழுவும். நாடா கட்டி சீட்டின் உச்சிக்கு மேலே போட்டு, பின்னால் தொங்கும் முனையில் சின்ன எடை ஒன்றைக் கட்டினால் நிற்கும். சீட்டைச் சுற்றிக் கட்டாதீர்கள்: பக்க ஏர்பேக் உள்ள சீட்டில் அது வெடித்து விரிய வேண்டிய வழியை மறித்துவிடும். தாங்கி வைத்ததும் உடம்பு முன்னால் வந்திருக்கும். ஸ்டீயரிங் நடுவிலிருந்து நெஞ்சுக்கு 25 செ.மீ. இருக்கிறதா என்று அளந்து, மணிக்கட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

வாஷர் போடலாமா?

முன் போல்ட்டுகளுக்கு அடியில் வாஷர் அடுக்கி சீட்டின் முன்பக்கத்தை உயர்த்துவது இந்த வண்டிக்காரர்களிடையே பிரபலமான வித்தை. நீளக்கால்காரர்களின் தொடைக்குத் தாங்கல் கிடைக்கும். குனிந்தால் வலிக்கிற டிஸ்க் பிரச்சினைக்கோ இது நேர் எதிர், கோணம் மூடிக்கொள்ளும். சீட்டின் பின்பகுதியில் மட்டும் ஃபோமைக் குடைவதும் அதே தப்புதான். தலை கூரையில் இடிக்கிறது என்றால் முன்னும் பின்னும் ஒரே ஆழத்துக்கு, முதலில் 1.5 செ.மீ. எடுங்கள். மின்சார ரொட்டிக்கத்தி இதற்கு அருமையான கருவி. சாதாரணக் கத்தி ஃபோமைப் பிய்க்கும். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, மெதுவாகப் போங்கள்.

முதல் தலைமுறையில் சீட்டை நாலு போல்ட் கழற்றி வெளியே எடுக்கலாம். சிலவற்றில் தலைதாங்கி ஸ்பீக்கர் ஒயர் இருக்கும், பிடித்து இழுக்காதீர்கள். ஏர்பேக் உள்ள சீட்டென்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, பிறகே மஞ்சள் கனெக்டரைத் தொடுங்கள். ஏர்பேக்கைத் தொடப் பயப்படுபவர்கள் ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதே சரி.

டயர் காற்று

சீட்டுக்குப் பிறகும் குலுக்கல் இருந்தால் காற்றைப் பாருங்கள். முதல் தலைமுறைக்கு 26 பி.எஸ்.ஐ., நாலாம் தலைமுறைக்கு 29. பெட்ரோல் பங்கில் வழக்கம்போல 33 அடித்துவிடுவார்கள். இவ்வளவு எடை குறைந்த வண்டிக்கு அந்தக் காற்று கல் மாதிரி இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது சொந்த மீட்டரில் அளங்கள். 17 அங்குல வீலும் 16 அங்குல வீலும் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு 16 எடுங்கள், டயரின் பக்கச்சுவர் உயரம் கூடும்.

பின்சேர்க்கை: வண்டி நிற்கும்போது அளந்தால் எல்லாம் சரியாக இருந்தும் ஓட்டினால் வலிக்கிறது என்று கேட்பவர்களுக்கு: சீட் ஃபோம் உட்கார உட்கார அமுங்கும், உடம்பும் இறங்கும். 20 நிமிடம் ஓட்டிவிட்டு, இறங்காமல் அப்படியே போனை வைத்து அளந்து திருத்துங்கள். நல்ல கோணத்திலும் 45 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி இரண்டு நிமிடம் நடக்க வேண்டும்.