பெண் குதிரை சினை பிடிக்காமல் போவதற்குக் காரணமாகும் பருவகாலத் தவறுகள்

குளிர்காலம் முடியும் சமயத்தில் பெண் குதிரை வாலைத் தூக்கி நிற்கும், பொலிகுதிரையைக் கண்டதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும். பருவத்துக்கு வந்துவிட்டது என்று உடனே இணைசேர்ப்பார்கள். சினை பிடிக்காது. இரண்டு நாள் கழித்து மறுபடி சேர்ப்பார்கள், அப்போதும் பிடிக்காது. கடைசியில் குதிரை மலடு என்று முடிவு கட்டிவிடுவார்கள். பல நேரங்களில் குதிரையிடம் ஒரு குறையும் இருக்காது. சேர்த்த காலம்தான் தவறு.

குதிரை, பகல் நீளும் காலத்தில் இனம் பெருக்கும் விலங்கு. இரவு நீளமாக இருக்கும்போது மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் அதிக நேரம் சுரக்கிறது. அது இருக்கும்வரை சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்கள் அடங்கிக் கிடக்கும். பகல் நீள நீள அவை விழிக்கும், ஆனால் ஒரே நாளில் அல்ல. இடையில் இரண்டு மூன்று மாதங்கள் ஒரு இடைக்காலம் உண்டு. அப்போது சினைப்பையில் நுண்ணறைகள் (முட்டையைத் தாங்கும் சிறு பைகள்) வளரும், முட்டையை வெளிவிடாமலே சுருங்கும், அப்புறம் வேறு சில வளரும். குதிரை வாரக்கணக்கில் பருவ அறிகுறி காட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் முட்டை வராது. முதல் முட்டை வெளியான பிறகுதான் சுமார் 21 நாள் சுழற்சி ஒழுங்காகும். அதில் பருவம் 5 முதல் 7 நாள் நீடிக்கும், முட்டை அதன் கடைசி ஓரிரு நாளில் வெளியாகும்.

அதனால் அறிகுறியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்கேனில் நுண்ணறை 35 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கிறதா, கருப்பைச் சுவரில் பருவத்துக்கு வரும்போது உண்டாகும் வீக்கம் தெரிகிறதா என்று கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். வீணாகச் சேர்ப்பதில் இழப்பது நேரம் மட்டுமல்ல. ஒவ்வொரு முறையும் விந்தோடு கிருமியும் கருப்பைக்குள் போகிறது, அழற்சி வருகிறது. இளம் குதிரை அதைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். வயதான குதிரை திணறும்.

பந்தயக் குதிரை வளர்ப்பவர்களுக்கு இந்த இடைக்காலம் பெரிய தலைவலி. தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகள் எந்த மாதம் பிறந்தாலும், வட அரைக்கோளத்தில் அவற்றின் வயதை ஜனவரி 1 முதல் கணக்கிடுகிறார்கள், ஆஸ்திரேலியா போன்ற தென் அரைக்கோள நாடுகளில் ஆகஸ்ட் 1. சினைக்காலமோ சுமார் 11 மாதம். குட்டி ஆண்டின் தொடக்கத்திலேயே பிறக்க வேண்டுமென்றால் இயற்கை தயாராவதற்கு முன்பே சினைப்படுத்த வேண்டும். அதற்குத்தான் லாயத்தில் விளக்கு போட்டு, பகலும் விளக்குமாகச் சேர்த்து 16 மணி நேர வெளிச்சம் தருகிறார்கள். நல்ல வழிதான், ஆனால் தவறுகள் அதிகம் நடப்பதும் இங்கேதான்.

முதலாவது, தாமதமாகத் தொடங்குவது. பலன் தெரிய 60 முதல் 70 நாள் ஆகும். பிப்ரவரியில் முட்டை வேண்டுமென்றால் வட அரைக்கோளத்தில் டிசம்பர் தொடக்கத்திலேயே விளக்கு எரிய வேண்டும். கூடுதல் வெளிச்சத்தை விடியற்காலையில் கொடுப்பதைவிட மாலையோடு சேர்த்து நீட்டுவதே சரி. இரவு முழுக்க எரியவிட்டால் இன்னும் வேகமாகும் என்பது தப்புக் கணக்கு. இருட்டும் தேவை, 24 மணி நேர வெளிச்சம் பலன் தராது. லாயத்தின் எந்த மூலையில் நின்றாலும் செய்தித்தாள் படிக்க முடிகிற அளவு வெளிச்சம் போதும். தொடங்கிய பிறகு நடுவில் நிறுத்தினால் குதிரை மறுபடி பழைய நிலைக்குப் போய்விடலாம்.

சினையாக இருக்கும் குதிரைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பகல் குறைவாக உள்ள காலத்தில் குட்டி போடும் தாய், பிறகு ஒரு முறை பருவத்துக்கு வந்துவிட்டு அடங்கிவிடக்கூடும். அதுவும் மெலிந்திருந்தால் நிச்சயம் கவலைப்பட வேண்டியதுதான். எனவே அவற்றுக்கும் விளக்கு தேவை.

தீவனத்தில் சிக்கனம் பார்ப்பதை நான் ஏற்கவே மாட்டேன். உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் அளவுகோலில் 5-க்குக் கீழே இருக்கும் குதிரை பருவத்துக்கு வரத் தாமதமாகும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, தடவினால் தட்டுப்பட வேண்டும். வயதும் ஒரு காரணம்: 15-ஐத் தாண்டியவற்றில் முதல் முட்டை பிந்தி வருவதுண்டு, சினை பிடிப்பதும் குறையும்.

பொறுமை இழந்து ஊசி போடச் சொல்வதும் வழக்கம். ஆழ்ந்த ஓய்வில் இருக்கும் சினைப்பையைப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் எழுப்பாது. இடைக்காலத்தின் கடைசியில், பெரிய நுண்ணறைகள் இருக்கும்போது கொடுத்தால்தான் பயன். முட்டையை வெளியேற்றும் ஊசிக்கும் இதே கதைதான்: முதிர்ந்த நுண்ணறை இல்லாத இடத்தில் அது செய்ய எதுவும் இல்லை.

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பகல் நீளம் பெரிதாக மாறாததால் பல குதிரைகள் ஆண்டு முழுக்கவே சுழற்சியில் இருக்கும். அங்கே குளிர்நாட்டு அட்டவணையை அப்படியே பின்பற்றுவதில் அர்த்தமில்லை. தீவனத்தையும் உடல்நிலையையும் முதலில் பாருங்கள்.