கடற்படையில் சேரப் போகிறீர்களா? பலரைத் திருப்பி அனுப்பும் தவறுகள் இவை

கடற்படைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பயப்படுவது ஓட்டத்துக்கும் கடலுக்கும்தான். ஆனால் பாதி வழியில் வீடு திரும்புகிறவர்களைக் கேட்டால், காரணம் காது அழுக்காக இருக்கும், பெயரில் ஓர் இனிஷியலாக இருக்கும், இல்லையென்றால் மறைத்து வைத்த கால்வலியாக இருக்கும். இந்தியக் கடற்படையில் நான்கு ஆண்டுப் பணிக்கு ஆள் எடுக்கும் அக்னிவீர் நுழைவை மனத்தில் வைத்து எழுதுகிறோம். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிடுங்கள்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

நம் ஊரில் இனிஷியலோடு எழுதுகிறோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முருகன் கா', ஆதாரில் 'காளிமுத்து முருகன்', சாதிச் சான்றிதழில் 'கா. முருகன்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். வடக்கே சான்றிதழ் சரிபார்க்கிறவருக்கு மூன்று ஆட்கள். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாவற்றுக்கும் அடிப்படை பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான். ஆகவே மற்ற ஆவணங்களை அதற்கு ஏற்ற மாதிரி திருத்துங்கள். அறிவிப்பு வந்த பிறகு ஆதார் மையத்தில் வரிசையில் நின்றால் காலம் போதாது. அம்மா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் பாருங்கள், பலர் கோட்டை விடுவது அங்கேதான். அசல் சான்றிதழ்கள் கல்லூரியில் முடங்கிக் கிடந்தால் அவற்றையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

'ஆள் இருக்கிறார், முடித்துத் தருகிறேன்' என்று வருகிறவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். விண்ணப்பக் கட்டணம் 550 ரூபாய், அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 649. அதையும் அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில்தான் கட்ட வேண்டும்.

தேர்வும் ஓட்டமும்

பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியில் சேரும் எஸ்.எஸ்.ஆர். (சீனியர் செகண்டரி ரெக்ரூட்) பிரிவின் கணினித் தேர்வு 100 கேள்விகள், 60 நிமிடம். ஆங்கிலம், அறிவியல், கணிதம், பொது அறிவு என நான்கு பகுதிகள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். கணிதத்தில் அள்ளிவிட்டு ஆங்கிலத்தை விட்டுவிடலாம் என்ற கணக்கு இங்கே பலிக்காது, ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே தேற வேண்டும். வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. தமிழ் வழியில் படித்தவர்கள் பாடம் தெரிந்தும் சொல் தெரியாமல் தடுமாறுவார்கள். உந்தம் என்றால் மொமெண்டம், முடுக்கம் என்றால் ஆக்சிலரேஷன் என்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டால் இரண்டு வாரத்தில் இந்தக் குறை தீரும்.

ஆண்களுக்கு 1.6 கிலோமீட்டர் ஓட்டம் 6 நிமிடம் 30 வினாடி, பெண்களுக்கு 8 நிமிடம். 400 மீட்டர் மைதானத்தில் நான்கு சுற்று. ஆண்களுக்குச் சுற்றுக்குச் சுமார் 97 வினாடி வருகிறது. கூட்டத்தோடு பாய்ந்து முதல் சுற்றை 80 வினாடியில் முடிப்பவர்கள் மூன்றாவது சுற்றில் கல்லாகிப் போவார்கள். எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். வாரம் நான்கு நாள் ஓடினால் போதும்: ஒரு நாள் 95 வினாடி வேகத்தில் ஐந்து சுற்று, இடையிடையே இரண்டு நிமிட ஓய்வு, ஒரு நாள் மெதுவாக ஐந்து கிலோமீட்டர், மற்ற இரு நாள் சாதாரண ஓட்டம். தார் ரோட்டைவிட மண் தரை கால் எலும்புக்கு நல்லது. ஓட்டத்தோடு 20 பஸ்கி, முழங்கால் மடக்கிய நிலையில் 15 சிட்-அப், 15 தண்டால் உண்டு. பெண்களுக்கு 15, 10, 10. ஓடி முடித்த களைப்பிலேயே இவற்றையும் பழகுங்கள். அரைகுறையாக உட்கார்ந்து எழும் பஸ்கியை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள்.

மருத்துவப் பரிசோதனை

இங்கேதான் அதிகம் பேர் வீணாகப் போகிறார்கள். காதில் மெழுகு அடைத்திருந்தால் மருத்துவரால் செவிப்பறையைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாத காதைத் தகுதி என்று அவர் எப்படி எழுதுவார்? பத்து நாள் முன்னதாகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள். மெழுகை அது இன்னும் உள்ளே தள்ளும், செவிப்பறை கிழிந்தால் கதை முடிந்தது.

பற்களுக்குக் குறைந்தது 14 புள்ளிகள் வேண்டும். நல்ல கடைவாய்ப் பல் இரண்டு புள்ளி பெறும், முன்பற்களுக்கு ஒவ்வொன்று. சொத்தை விழுந்த கடைவாய்ப் பல்லை 'பிடுங்கிவிட்டால் நிம்மதி' என்று எடுத்துவிடாதீர்கள், அடைக்க முடிந்தால் அடையுங்கள். காறையையும் நீக்கிவிடுங்கள்.

நிறக்குருடு இருக்கிறதா என்று கோச்சிங் கட்டணம் கட்டும் முன்பே கண் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். புள்ளிப் படத்தில் எண்ணைப் படிக்கச் சொல்லும் சின்னச் சோதனைதான். பிறவியில் வந்த நிறக்குருடுக்குச் சிகிச்சை கிடையாது, கப்பலிலோ சிவப்பு, பச்சை விளக்குகளைப் பிரித்தறியாமல் வேலை ஓடாது. கண்ணாடியைக் கழற்றிவிட லேசர் சிகிச்சை செய்ய நினைப்பவர்கள், அந்த ஆண்டின் கண் விதியைப் படித்த பிறகு முடிவெடுங்கள்.

பச்சை குத்துவதற்கு அனுமதி உள்ள இடங்கள் முழங்கையின் உட்புறம் முதல் மணிக்கட்டு வரை, பிறகு புறங்கை. கழுத்திலும் மார்பிலும் பெயர் எழுதிக்கொண்டவர்கள் பாடு திண்டாட்டம்.

தேர்வாகிவிட்டோம் என்ற உற்சாகத்தில் ஒரு விஷயம் மறந்துபோகும்: பயிற்சித் தளமான சில்காவில் போய் இறங்கியதும் இறுதி மருத்துவப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அழைப்பு வந்த நாளுக்கும் ரயில் ஏறும் நாளுக்கும் இடையில் நண்பர்களோடு பைக்கில் பறப்பது, உடற்பயிற்சியை நிறுத்துவது, புதிதாகப் பச்சை குத்துவது எல்லாம் கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் செய்யும் வேலைகள்.

சில்கா

ஒடிசாவில் சில்கா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்காதான் பயிற்சித் தளம். அக்னிவீரர்களின் முதல் அணி 16 வாரப் பயிற்சி முடித்து, 2023 மார்ச் 28 அன்று சூரியன் மறைந்த பிறகு அணிவகுத்து வெளியேறியது இங்கிருந்துதான்.

நம் பிள்ளைகளுக்கு முதல் இடி மொழி. அணிவகுப்புக் கட்டளைகள் இந்தியில் வரும்: சாவ்தான் என்றால் நேராக நில், விஷ்ராம் என்றால் தளர்ந்து நில், தாஹினே முட் என்றால் வலப்பக்கம் திரும்பு, தம் என்றால் நில். இவற்றையும் ஒன்று முதல் நூறு வரை எண்களையும் கிளம்பும் முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள். இலக்கணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தமிழ்ப் பையன்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டு நாலு மாதத்தை ஓட்டுவது இன்னொரு தவறு. மொழி வராமலே கப்பலுக்குப் போய்ச் சேர்வீர்கள்.

நீச்சல் தெரியுமா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கிணற்றில் குதித்துப் பழகியவர்கள் தலையைத் தூக்கிக்கொண்டே கையடிப்பார்கள். அந்த நீச்சலில் உயிர் பிழைக்கலாம், ஆனால் தூரம் போனால் மூச்சு வாங்கும். தெரியாதவருக்கு அங்கே சொல்லித் தருவார்கள். தெரியும் என்று பொய் சொன்னவர் ஆழத்தில் மாட்டிக்கொள்வார்.

முன்கால் எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது, ஓடினால் அதிகமாகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அது எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். 'அணியிலிருந்து பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள்' என்று பயந்து மறைத்தால் விரிசல் முறிவாகும், சில வாரத்தில் போக வேண்டியது பல மாதம் இழுக்கும். பூட்ஸ் கொப்புளமும் அப்படித்தான், முதல் நாளே காட்டிவிட வேண்டும்.

கப்பலில்

ஏணிப்படியில் இறங்கும்போது படியைப் பார்த்தபடி இறங்குங்கள், ஒரு கை எப்போதும் பிடியில் இருக்கட்டும். கப்பல் உருளும்போது கதவுச் சட்டத்தில் விரலை வைக்காதீர்கள். கனத்த இரும்புக் கதவு தானாக வந்து மூடும். நீர்புகாக் கதவை மூடினால் எல்லாக் கொக்கிகளையும் இறுக்குங்கள். ஒன்றிரண்டோடு விட்டால் வெள்ளம் வரும் நாளில் அது வெறும் தகரம்.

வடத்தில் கரணம் தப்பினால் மரணம். நைலான் வடம் இழுவையில் ரப்பர் போல நீளும், அறுந்தால் சேர்த்து வைத்த விசை முழுவதோடும் திரும்பி அடிக்கும். ஆள் விலக நேரம் கிடைக்காது. இறுகி நிற்கும் வடத்தின் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள், தரையில் வளைந்து கிடக்கும் வடத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

அதைவிட மோசமானது மூடிக் கிடந்த தொட்டி. இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் இருக்கும். தொட்டிக்குள் எவ்வளவு என்று மூக்கு சொல்லாது, கருவிதான் சொல்லும். ஒருவர் மயங்கி விழுந்ததைப் பார்த்து மூச்சுக்கருவி இல்லாமல் காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார். முதலில் அலாரம், பிறகுதான் மற்றது.

கடல் மயக்கத்துக்கான மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டால் பயன் இல்லை. கப்பல் கிளம்பும் முன்பே மருத்துவ உதவியாளரிடம் கேட்டு வாங்குங்கள். சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், வாட்ச் (முறை வைத்து நிற்கும் காவல் பணி) நிற்கப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். வெறும் வயிறும் எண்ணெய்ப் பலகாரமும் எதிரிகள். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலோருக்கு உடம்பு பழகிவிடும்.

இரவு வாட்சுக்கு மணி அடிக்கும்போது ஓடாதீர்கள், முன்பே போய்விடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒரு தடவை வெள்ளை விளக்கைப் பார்த்தால் எல்லாம் முதலிலிருந்து.

கைப்பேசி

2019 டிசம்பரில் கடற்படைத் தகவல்களைப் பாகிஸ்தானுக்குக் கசியவிட்டதாக ஏழு மாலுமிகளை ஆந்திரப் போலீஸ் கைது செய்தது. சமூக ஊடகத்தில் பெண்கள் பெயரில் வந்த நட்பு அழைப்புகளில்தான் அந்த வலை விரிந்தது. அதே மாதம் தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடை வந்தது. கப்பல் எப்போது கிளம்புகிறது என்று அம்மாவிடம் சொல்வதுகூடத் தகவல்தான்.

பணம்

முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போய்க் கைக்கு வருவது 21,000. நான்காம் ஆண்டில் 40,000, கைக்கு 28,000. நான்கு ஆண்டு முடிவில் உங்கள் பங்கும் அரசின் பங்கும் சேர்ந்து 10.04 லட்சம், அதற்கு மேல் வட்டி. ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை, நிரந்தரம் ஆகிறவர்கள் 25 சதவீதம் வரைதான். இதைத் தெரிந்துகொண்டும் முதல் விடுமுறையிலேயே தவணையில் பைக் எடுப்பவர்கள் உண்டு. பயிற்சிச் சான்றிதழ் ஒவ்வொன்றையும் நகல் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், அடுத்த வேலைக்கு அதுதான் சாட்சி. இந்த நான்கு ஆண்டும் திருமணம் கூடாது.

48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உங்கள் பங்குத்தொகை இல்லாமலே கிடைக்கிறது. நாமினி படிவத்தில் அவசரமாக 'அம்மா' என்று செல்லப்பெயரை எழுதிக் கொடுக்காதீர்கள். அவர் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் இருக்கும் அதே எழுத்துக்கூட்டலில், இனிஷியலோடு எழுதுங்கள்.