குழந்தைக் கதை ரீமேக்குகள்: கருத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகளுக்கான பழைய கதை ஒன்று லைவ் ஆக்‌ஷன் படமாக (அதாவது கார்ட்டூனாக இல்லாமல் நிஜ நடிகர்களோடோ நிஜம் போன்ற உருவங்களோடோ) வந்தால், முதல் காட்சி முடிவதற்குள் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. "சின்ன வயசு நினைவையே கெடுத்துட்டாங்க" என்பது ஒரு கட்சி. "குழந்தைங்க படம்தானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி" என்பது இன்னொரு கட்சி. இரண்டு வாக்கியத்திலும் படத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை என்பதுதான் வேடிக்கை. படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தாராளமாகச் சண்டை போடலாம். ஆனால் எதோடு ஒப்பிட்டுப் பேசுகிறோம் என்று சொல்லாமல் தீர்ப்பு மட்டும் சொன்னால், கேட்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இந்த வகைப் படங்களைப் பற்றிய பேச்சில் வரும் பெரும்பாலான கோளாறுகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

எது மூலக்கதை?

"மூலக்கதையை மாற்றிவிட்டார்கள்" என்ற புகார் வராத ரீமேக்கே கிடையாது. அப்படிச் சொல்பவர்களில் பலர் மூலம் என்று நினைத்துக்கொண்டிருப்பது டிஸ்னியின் கார்ட்டூனை. அந்தக் கார்ட்டூனே ஒரு தழுவல்தான். அதுவும் கதையைத் தலைகீழாகப் புரட்டிய தழுவல்.

ஜங்கிள் புக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கிப்ளிங்கின் புத்தகம் 1894-இல் வந்தது. 1967-ஆம் ஆண்டு கார்ட்டூனில் கா என்ற மலைப்பாம்பு, மோக்லியை விழுங்கக் காத்திருக்கும் வில்லன். புத்தகத்திலோ கா அவனுடைய நண்பன். குரங்குகள் மோக்லியைத் தூக்கிக்கொண்டு போனதும் பலூ கரடியும் பகீரா சிறுத்தையும் உதவி கேட்டுப் போவது காவிடம்தான். பாழடைந்த நகரத்தில் கா உடலைச் சுழற்றிச் சுழற்றி ஆட, குரங்குகள் மயங்கிப்போய் அதன் வாயை நோக்கி நகர்கின்றன. பலூவும் பகீராவும்கூட அந்த ஆட்டத்தில் கட்டுண்டு போகிறார்கள். மோக்லி கைவைத்துத் தொட்ட பிறகுதான் அவர்களுக்குத் தெளிகிறது. மனிதப் பிள்ளையான அவனுக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு பெரிய பாம்பு காரணமில்லாமல் வட்டம் போடுகிறது, அவ்வளவுதான். புத்தகத்தின் அருமையான இடங்களில் இது ஒன்று.

2016-இல் ஜான் ஃபேவ்ரோ இயக்கிய படத்தில் காவுக்குப் பெண் குரல் கொடுத்தார்கள். "ஆண் பாம்பைப் பெண்ணாக்கிவிட்டார்கள்" என்று புகார் எழுந்தது. நண்பனை வில்லனாக்கியது அதைவிடப் பெரிய மாற்றம். அதைக் கார்ட்டூன் செய்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டதால் அது யாருக்கும் உறுத்தவில்லை. கிங் லூயி கதையும் இப்படித்தான். புத்தகத்தில் அப்படி ஒரு பாத்திரமே கிடையாது. குரங்குக் கூட்டத்துக்குத் தலைவனும் இல்லை, சட்டமும் இல்லை என்பதுதான் கிப்ளிங் அவற்றைப் பற்றிச் சொல்வது. கார்ட்டூன் ஓர் ஒராங்குட்டானை ராஜாவாக்கியது. இந்தியக் காட்டில் ஒராங்குட்டான் ஏது என்று யோசித்து, 2016 படம் அதை அழிந்துபோன ராட்சதக் குரங்கினமான ஜைகாண்டோபிதெக்கஸ் ஆக்கியது. ஆக, லூயியை மாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுபவர், மாற்றத்தை மாற்றியதற்குக் கோபப்படுகிறார்.

மற்றவையும் இப்படியே. கொல்லோடியின் பினோக்கியோவில், புத்தி சொல்லும் சில்வண்டை மரப்பொம்மை ஆரம்பத்திலேயே சுத்தியலால் அடித்துக் கொன்றுவிடுகிறது. ஆண்டர்சன் 1837-இல் எழுதிய கடற்கன்னிக் கதையில் அவள் நாக்கு அறுக்கப்படுகிறது, இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான், அவள் கடல் நுரையாகிறாள். கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்ப்பது சொந்தத் தாய். 1819 பதிப்பில் அவர்களே அதைச் சித்தியாக மாற்றினார்கள். இளவரசன் முத்தம் கொடுத்து எழுப்புவது எந்தப் பதிப்பிலும் இல்லை.

இதற்காகப் படம் பார்க்கும் முன் புத்தகத்தைப் படித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கார்ட்டூனோடு ஒப்பிடுவது குற்றமும் அல்ல. "1989 கடற்கன்னிக் கார்ட்டூனில் இந்த இடம் இப்படி இருந்தது, இதில் அது போய்விட்டது" என்று சொன்னால் போதும். அதைப் படிப்பவர் தனக்கு அது முக்கியமா இல்லையா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

நினைவோடு போட்டி போடுவது

சின்ன வயதில் பார்த்த படம் மனதில் படமாக மட்டும் தங்குவதில்லை. அந்த விடுமுறை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், பாட்டை மனப்பாடம் செய்தது எல்லாம் சேர்ந்துதான் தங்குகிறது. எந்தப் புதுப் படமும் அதோடு மோதி ஜெயிக்க முடியாது. "பழைய மாதிரி இல்லை" என்று எழுதும் முன், பழையதை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. அது அப்படியே நன்றாக இருந்தால் உங்கள் வாதத்துக்கு வலு. இல்லையென்றால் எழுதாமல் தப்பித்தீர்கள்.

மறுபடி பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும்: அந்தப் படங்களெல்லாம் எவ்வளவு சின்னவை! 1941-இல் வந்த டம்போ 64 நிமிடம். 2019-இல் வந்தது 112 நிமிடம். கடற்கன்னிக் கார்ட்டூன் 83 நிமிடம், 2023 படம் 135 நிமிடம். இந்தக் கூடுதல் நேரத்தில்தான் புதுப் பாட்டுகளும், புதுப் பாத்திரங்களும், ஏற்கெனவே இருந்தவர்களுக்கு முன்கதையும் வருகின்றன. ஆகவே "இழுவை" என்று ஒரே சொல்லில் முடிப்பதைவிட, சேர்த்ததில் எது கதைக்கு உதவியது, எது நேரத்தை நிரப்பியது என்று சொன்னால் அது கருத்து.

முகத்தில் உணர்ச்சி இல்லையே என்ற புகார்

இது நியாயமான புகார்தான். ஆனால் பெரும்பாலும் தப்பான ஆள் மேல் போய் விழுகிறது. 2019-இல் வந்த லயன் கிங் படத்தைப் பார்த்து "கிராஃபிக்ஸ் சரியில்லை" என்றார்கள் பலர். உண்மையில் கிராஃபிக்ஸ் சரியாக இருந்ததுதான் பிரச்சினை. அந்தப் படத்தில் கேமராவால் நிஜமாக எடுத்தது ஒரே ஒரு ஷாட், ஆரம்பத்தில் வரும் சூரியோதயம் மட்டும். மற்ற 1,490 ஷாட்களும் கணினியில் உருவானவை என்று இயக்குநர் ஃபேவ்ரோவே வெளிப்படையாகச் சொன்னார். வனவிலங்கு ஆவணப்படம் போலவே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு.

சிம்பா, செத்துக்கிடக்கும் அப்பாவை எழுப்பப் பார்க்கும் காட்சியை இரண்டு படத்திலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். 1994 கார்ட்டூனில் குட்டியின் புருவம் மேலே வளைகிறது, கண்கள் முகத்தில் பாதிக்கு விரிகின்றன, உதடு நடுங்குகிறது. இதெல்லாம் மனித முகத்திலிருந்து கடன் வாங்கிச் சிங்கத்துக்குக் கொடுத்தவை. நிஜச் சிங்கக் குட்டிக்கு அப்படி அசைகிற புருவமும் கிடையாது, அப்படி வளைகிற உதடும் கிடையாது. உடற்கூறுக்கு உண்மையாக இருப்போம் என்று முடிவு செய்த நிமிடமே அழுகையின் பாதி போய்விடுகிறது. மீதியைக் குரலும் இசையும்தான் தூக்க வேண்டும். இதை அனிமேட்டர்களின் தோல்வி என்று எழுதுவது அநியாயம். அது படத்தின் அடிப்படைத் தீர்மானம். அந்தத் தீர்மானம் சரியா என்று கேட்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால், சரியில்லை. 'இன்றிரவு' என்று வரும் காதல் பாட்டைப் பட்டப்பகலில் எடுத்ததற்கும் எனக்கு இன்னும் காரணம் விளங்கவில்லை.

'படம் ஒரே இருட்டு' என்பதும் அடிக்கடி காதில் விழும். கடலுக்கடியில் நடக்கும் காட்சிகளுக்கு இது பொருந்தவும் செய்யும். ஆனால் 3டி கண்ணாடி போட்டுப் பார்த்தவர் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணாடியே திரையின் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். அதே போல டப்பிங்கில் பார்த்தவர் "வசனம் ஒட்டவில்லை" என்றால், எந்த மொழியில் பார்த்தார் என்பதும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் குரல் கொடுத்தவரின் குறை வசனம் எழுதியவர் தலையில் விடியும்.

எண்களைத் தப்பாகப் படிப்பது

விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 52 சதவீதம் என்று பார்த்ததும் "நூற்றுக்கு 52 மார்க்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது மார்க் அல்ல. விமர்சகர்களில் எத்தனை பேர் மொத்தத்தில் பரவாயில்லை என்றார்கள் என்ற கணக்கு. எல்லோரும் "சுமார்தான், பார்க்கலாம்" என்று எழுதினால் அந்தப் படம் 100 சதவீதம் வாங்கிவிடும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, பாதிப் பேர் திட்டினால் 50-தான் வரும். இந்த இரண்டில் எது சுவாரசியமான படம் என்று உங்களுக்கே தெரியும்.

பார்வையாளர்களே மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளம் வேறு வகை. அங்கே படத்தைப் பார்க்காதவரும் நட்சத்திரம் போடலாம். 2023 கடற்கன்னிப் படத்துக்கு வழக்கத்துக்கு மாறான முறையில் வாக்குகள் குவிகின்றன என்று அந்தத் தளமே அறிவிப்புப் போட்டுக் கணக்கிடும் முறையை மாற்றியது. 2025-இல் வந்த ஸ்னோ ஒயிட் அங்கே 10-க்கு 2 என்ற அளவில் கிடந்தது. அதே படத்துக்கு, அமெரிக்காவில் முதல் நாள் தியேட்டர் வாசலிலேயே பார்வையாளர்களைக் கேட்டு எடுக்கும் சினிமாஸ்கோர் கணிப்பில், ஏ முதல் எஃப் வரையுள்ள தரத்தில், கிடைத்தது பி பிளஸ். இரண்டுமே முழு உண்மை இல்லை. முதலாவதில் கோபத்தோடு வந்தவர்கள் அதிகம், இரண்டாவதில் ஆசையோடு டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும். சராசரி எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாக்குகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். ஒன்றும் பத்துமாகக் குவிந்து நடுவே காலியாக இருந்தால், சண்டை படத்தைப் பற்றியது அல்ல என்று புரிந்துகொள்ளலாம்.

யூடியூபில் "இத்தனை லட்சம் டிஸ்லைக்" என்று சுற்றும் படங்களை அப்படியே நம்ப வேண்டாம். 2021 நவம்பரிலிருந்து டிஸ்லைக் எண்ணிக்கையை யூடியூப் பொதுப் பார்வைக்குக் காட்டுவதில்லை. அதற்குப் பிறகு வெளியில் பகிரப்படும் எண்கள் பெரும்பாலும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் போடும் மதிப்பீடுகள்.

டிரெய்லரிலேயே தீர்ப்பு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது டிரெய்லருக்குப் பொருந்தாது. அந்தச் சோற்றைப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பது விளம்பரக் குழு. ஹாலி பெய்லி கடற்கன்னியாக நடிக்கிறார் என்று 2019-இல் அறிவித்ததுமே அவருடைய தோல் நிறத்தை வைத்துக் கூச்சல் கிளம்பிவிட்டது. அப்போது ஒரு காட்சிகூட எடுத்திருக்கவில்லை. அந்தக் கூச்சலை விமர்சனம் என்று சொல்ல முடியாது.

அதில் இன்னொரு நஷ்டமும் நடந்தது. நீருக்கடியில் வருவதாகக் காட்டிய காட்சிகளை நடிகர்களைக் கம்பிகளிலும் தாங்கிகளிலும் பொருத்தி, தண்ணீரே இல்லாத செட்டில் எடுத்தார்கள். அது கண்ணுக்கு எடுபட்டதா, நிறங்கள் மங்கினவா, நண்டும் மீனும் நிஜ உருவத்துக்கு மாறியதில் நகைச்சுவை போயிற்றா என்றெல்லாம் பேச நிறைய இருந்தது. அதைப் பேச வந்தவர்களையும் கூச்சல் போட்டவர்களின் கூட்டத்தில் சேர்த்து ஒதுக்கினார்கள் ரசிகர்கள். படத்தைப் பிடிக்கவில்லை என்பவர் எல்லோருக்கும் உள்நோக்கம் கற்பிப்பதும் இந்தப் பட்டியலில் சேர வேண்டிய தவறுதான்.

பக்கத்து நாற்காலிக் குழந்தை

"குழந்தைகளுக்குப் பிடிக்கும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். நாலு வயதும் பத்து வயதும் ஒரே பார்வையாளர் அல்ல. வரைந்த புலி பாய்வதும் நிஜம் போன்ற புலி பாய்வதும் நாலு வயதுக்கு ஒன்றல்ல. கூட்டிக்கொண்டு போகலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் பெற்றோர் கருத்துகளைப் படிக்கிறார்கள். எந்த இடத்தில் பயந்தது, எந்த இடத்தில் எழுந்து நடக்க ஆரம்பித்தது, எந்தப் பாட்டை வீட்டுக்கு வந்தும் பாடியது என்று எழுதினால் அவர்களுக்கு அது பத்து நட்சத்திரத்தைவிட உதவும். அப்புறம், முடிவைச் சொல்லிவிடாதீர்கள். கதை நூறு வருடம் பழசு என்பது உங்களுக்கு. அந்தப் பிள்ளைக்கு அது அன்றைக்குத்தான் நடக்கிறது.

"யார் கேட்டார்கள் இந்தப் படத்தை?"

ஒவ்வொரு அறிவிப்புக்குக் கீழேயும் தவறாமல் வரும் வரி இது. கேட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது வசூலைப் பார்த்தால் தெரியும். 2010-இல் டிம் பர்ட்டனின் ஆலிஸ் உலகம் முழுவதும் 100 கோடி டாலரைத் தாண்டியதும் டிஸ்னி ஸ்டூடியோ பழைய அலமாரியைத் திறந்துவிட்டது. 2019-இல் அலாவுதீன், லயன் கிங் இரண்டுமே அந்தக் கோட்டைத் தாண்டின. லயன் கிங் 160 கோடிக்கும் மேல் போனது. அதற்காக வசூலை வைத்துப் படம் நல்லது என்று வாதாடவும் முடியாது. பழைய படத்தின் மேல் இருந்த பாசத்துக்கு விழுந்த டிக்கெட் எது, புதுப் படத்துக்கு விழுந்தது எது என்று பணம் பிரித்துக் காட்டாது.

அதைவிட மோசம், ஒரு படத்தின் வசூலை வைத்து மொத்த வகைக்கும் ஜாதகம் கணிப்பது. 2025 மார்ச்சில் ஸ்னோ ஒயிட் சறுக்கி, உலக வசூல் 20 கோடி டாலரை ஒட்டி நின்றது. ரீமேக் காலம் முடிந்தது, மக்களுக்குச் சலித்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். இரண்டே மாதத்தில், மே மாதம், அதே ஸ்டூடியோவின் லீலோ அண்ட் ஸ்டிட்ச் வந்தது. ஜூலையில் அது 100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.