மலையகத்தில் இன்டர்ன் டொக்டராகப் போகிறீர்களா?

நுவரெலியா, பதுளைப் பக்கம் இன்டர்ன் அப்பொயின்ட்மென்ட் கிடைத்திருக்கிறதா? முதலில் இரண்டு ஸ்வெட்டர் வாங்குங்கள். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே. தை மாத இரவு டியூட்டியில் விரல் விறைத்துப் போனால் கெனியூலா (மருந்து ஏற்ற இரத்த நாளத்தில் போடும் சிறு குழாய்) போடவே கஷ்டம்.

பாடப் புத்தகங்களை மறுபடி புரட்டுவதை விட, இந்த மலைக்கு வரும் அவசரங்களைப் பாடமாக்குங்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மாக்களைக் குளவி கொட்டிவிட்டதென்று தூக்கி வருவார்கள். மூச்சுத் திணறல், இரத்த அழுத்தம் குறைவு என்றால் அது கடும் ஒவ்வாமை, தயங்கவே வேண்டாம்: 1:1000 அட்ரினலின் 0.5 மில்லிலீற்றர், பெரியவருக்கு, தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொன்று. மரக்கறித் தோட்டப் பக்கம் பூச்சிமருந்து குடித்தவர்களும் வருவார்கள், அதனால் சில பூச்சிமருந்து நஞ்சுக்கு மாற்று மருந்தான அட்ரோப்பினின் அளவையும் சட்டைப் பைக் கொப்பியில் எழுதி வையுங்கள். முதல் ஆறு மாதம் எந்த வார்ட், அடுத்த ஆறு மாதம் எது என்பதெல்லாம் அப்புறம்.

டிஸ்சார்ஜ் கார்ட்டைக் காலையிலேயே எழுதி முடியுங்கள். பின்னேரம் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால், குணமான ஆள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு) போக வழியில்லாமல் வாசலிலேயே குளிரில் உட்கார்ந்திருப்பார்.