ஆல்கஹால் மார்க்கரில் முதல் பூ: பூவரசம்பூ

ஆல்கஹாலில் கரைத்த மை உள்ள வண்ணப் பேனாதான் ஆல்கஹால் மார்க்கர். அதை வாங்கியதும் எல்லோரும் ரோஜாவில்தான் கை வைப்பார்கள். அடுக்கடுக்கான இதழில் வெளிச்சம் எது, நிழல் எது என்றே பிடிபடாது, தாள்தான் பாழாகும். நெல்லைப் பக்கம் குளத்தங்கரையிலும் தோட்ட வேலியிலும் நிற்கிற பூவரசை எடுத்துக்கொள்ளுங்கள். இதழ் ஐந்தே ஐந்து, அடியில் அரக்கு நிறப் பொட்டு, நடுவில் ஒரு தண்டு. காலையில் பறித்துவந்து மேசையில் வைத்துப் பார்த்தே வரையலாம்.

அறுபது நிறப் பெட்டி தொடக்கத்துக்குத் தேவையில்லை. இளமஞ்சள், நடு மஞ்சள், காவி மஞ்சள், அரக்கு, இளம்பச்சை, கரும்பச்சை என ஆறு போதும். ஒரு பக்கம் பிரஷ் முனை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உளி முனை மட்டும் இருந்தால் இதழின் வளைவு வராது. மூடியின் நிறத்தை நம்பவேண்டாம். வரையப்போகிற தாளிலேயே ஒவ்வொன்றையும் சிறு கட்டமாகத் தீட்டி, காய்ந்தபின் பாருங்கள். காப்பிக் (Copic) கம்பெனி மார்க்கரில் ஒரே நிறத் தொகுதிக்குள் எண்ணின் கடைசி இலக்கம் கூடக்கூட நிறம் அடர்த்தியாகும்.

சாதாரண ஜெராக்ஸ் தாளில் மை பரவி, அடுத்த பக்கமும் நனைந்துவிடும். வழவழப்பான, 200 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறையாத அட்டை, அல்லது மார்க்கருக்கென்றே விற்கிற தாள். வாட்டர்கலர் தாளின் சொரசொரப்பு முனையைத் தேய்த்துவிடும். எதில் வரைந்தாலும் அடியில் ஒரு கழிவுத்தாள் இருக்கட்டும்.

பென்சிலால் லேசாக ஒரு வட்டம். அதற்குள் ஐந்து இதழ்கள், ஒவ்வொன்றும் சுமார் 4 செ.மீ. உயரம். சிறிதாக வரைந்தால் மூன்று நிறத்துக்கு இடம் இருக்காது. ஒவ்வோர் இதழின் ஒரு விளிம்பு பக்கத்து இதழின் மேலும், மறு விளிம்பு அடியிலும் போகும். ஐந்தும் காற்றாடி இறக்கை மாதிரி ஒரே திசையில் சுழலும். இது தவறினால் பூவரசு மாதிரியே இருக்காது. ஆல்கஹாலில் கலையாத பிக்மென்ட் மைப் பேனாவால் கோடு போட்டு, சில நிமிடம் காயவிட்டு, பென்சிலை முழுக்க அழியுங்கள். மார்க்கர் பட்டபின் பென்சில் கோடு சரியாக அழியாது, முனையும் கறுத்துப்போகும்.

இனி நிறம். ஒரு நேரத்தில் ஓர் இதழ். இளமஞ்சளை இதழ் முழுக்கத் தடவுங்கள். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்தினால் மை தானே பரவிக் கோட்டைத் தொடும். ஈரம் காயுமுன் நடு மஞ்சளை அடியிலிருந்து பாதி உயரம் வரை, அழுத்தித் தொடங்கி மேலே போகப்போகக் கையைத் தூக்கி இழுங்கள். காவி மஞ்சள் அடியிலும், மேல் இதழின் நிழல் விழுகிற விளிம்பிலும் மட்டும். மறுபடி இளமஞ்சளை எடுத்து, நிறங்கள் சந்திக்கிற இடத்தில் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். இத்தனையும் ஈரத்திலேயே நடக்கவேண்டும். ஃபேனை அணைத்துவிடுங்கள், ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலையும் சாத்துங்கள். இல்லையென்றால் பாதியில் காய்ந்து வரிவரியாய் நிற்கும். ஈர இதழுக்குப் பக்கத்து இதழைத் தொடாமல் ஒன்று விட்டு ஒன்று தீட்டினால் ஒன்றின் மை மற்றதில் ஏறாது.

அரக்குப் பொட்டுக்கு நேர்மாறு: மஞ்சள் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். ஈரத்தில் வைத்தால் இதழ் முழுக்கக் கசியும். பொழுது சாயச் சிவந்து வாடுகிற பூ வேண்டுமா? காய்ந்த மஞ்சளின் மேல் இளஞ்சிவப்பை ஒருமுறை ஓட்டுங்கள். மை ஒளி ஊடுருவும் தன்மையது என்பதால் அடி மஞ்சள் மேலே தெரிந்து செம்மஞ்சளாகும்.

மஞ்சளின் நிழலுக்குக் கறுப்போ சாம்பலோ வேண்டாம், அழுக்காகத்தான் தெரியும். அடர்நிறத்தைத் தொட்ட மஞ்சள் முனையை, தூய மஞ்சள் வரும்வரை கழிவுத்தாளில் கிறுக்கிச் சுத்தம் செய்யுங்கள். நிறங்களைக் கலக்கிவிட உதவும் நிறமில்லாத பிளெண்டர் மார்க்கர் ரப்பர் அல்ல. மையைத் தள்ளும், அழிக்காது. ஒரே இடத்தில் நாலைந்து பூச்சுக்குமேல் போனால் தாள் இனி குடிக்காது, மை கோட்டைத் தாண்டும். மகரந்தப் புள்ளிகளை வெள்ளை ஜெல் பேனாவால் கடைசியில் வையுங்கள். அதன் மேல் மார்க்கர் பட்டால் கலங்கிவிடும்.

இரு முனை மார்க்கரைப் படுக்கவைத்தே வையுங்கள், மூடி ‘டக்’கென்று அழுந்தி மூடவேண்டும். மை எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்குப் பக்கம் வேண்டாம். வரைந்த படத்தை வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் வெளுக்கும். ஸ்கேன் எடுத்துவிட்டு ஃபைலில் வையுங்கள்.